உள்ளங்கையில் துடிக்கும் கட்டி

உங்கள் வலக்கையைச் சற்று நீட்டுங்கள். உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக, இடக்கை விரல்களை மெல்ல வைத்துப் பாருங்கள். ஒரு துடிப்புத் தெரியும். நம் வைத்தியர்கள் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்க்கும் இடம் அதுதான். அங்கே ஓடும் இரத்தக் குழாயை மருத்துவர்கள் ரேடியல் தமனி என்பார்கள். அதே மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக இன்னொரு தமனி ஓடுகிறது. அது சற்று ஆழத்தில் இருப்பதால் எல்லாருக்கும் எளிதில் தட்டுப்படாது. அதன் பெயர் அல்னார் தமனி. இன்றைய உரையில் இந்த இரண்டாவது தமனியைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

இந்த இரண்டு தமனிகளும் உள்ளங்கைக்குள் நுழைந்து, ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்வதுபோல் இரண்டு வளைவுகளாகச் சேர்கின்றன. தோலுக்கு அருகில் இருக்கும் வளைவுக்குப் பெரும்பாலும் அல்னார் தமனி இரத்தம் தருகிறது. எலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கும் வளைவுக்கு ரேடியல் தமனி தருகிறது. விரல்களுக்குச் செல்லும் சிறு குழாய்கள் இவ்வளைவுகளிலிருந்துதான் பிரிகின்றன. ஒரு வாய்க்கால் அடைபட்டாலும் மறு வாய்க்கால் வழியே வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும் ஏற்பாட்டைப் போன்றது இது. ஆனால் சிலருக்கு இவ்வளைவுகள் முழுமையாக இணைவதில்லை. இந்தச் சிறு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சைக்கிள் டயர் ஓரிடத்தில் தேய்ந்துவிட்டால், உள்ளே இருக்கும் டியூப் அங்கே புடைத்துக்கொண்டு வெளியே தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். தமனியின் சுவரும் ஓரிடத்தில் வலுவிழந்தால் அப்படித்தான் புடைக்கிறது. இதற்கு மருத்துவத்தில் 'அனியூரிசம்' என்று பெயர். விரிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாம் தமனிப் புடைப்பு என்று சொல்லிக்கொள்வோம். இதில் இரண்டு வகை உண்டு. சுவர் முழுவதுமே விரிந்து புடைத்தால் அது மெய்ப் புடைப்பு. கத்தியோ ஊசியோ கண்ணாடித் துண்டோ சுவரைத் துளைத்து, கசிந்த இரத்தத்தைச் சுற்றிலும் உள்ள தசை ஒரு பைபோல மூடிக்கொண்டால் அது பொய்ப் புடைப்பு. இரண்டுமே தொட்டால் இதயத்தோடு சேர்ந்து துடிக்கும்.

வயிற்றிலோ மார்பிலோ இப்படிப் புடைத்தால் வெடித்து உயிரைக் குடித்துவிடும். கையில் வரும் புடைப்பு அவ்வளவு கொடியதன்று, வெடிப்பது அரிது. அதன் தீங்கு வேறு விதமானது. புடைப்பின் உள்ளே இரத்தம் சுழன்று தேங்கிக் கட்டியாக உறையும். அந்த உறைவிலிருந்து சிறு துணுக்குகள் பிய்ந்து, ஓட்டத்தோடு போய் விரல் நுனிக் குழாய்களை அடைத்துவிடும். முதலில் விரல் வெளுக்கும், சில்லிடும், வலிக்கும். முற்றினால் நுனி புண்ணாகிக் கறுத்துவிடும். கையை நம்பியே பிழைப்பவனுக்கு இரண்டு விரல் போவது என்பது பாதிப் பிழைப்பு போவதற்குச் சமம். ஆகவே இந்நோயைக் கண்டறிந்த வரலாறு, ஒரு வகையில் உழைப்பாளியின் கையை மருத்துவர்கள் உற்றுப் பார்க்கக் கற்றுக்கொண்ட வரலாறும் ஆகும்.

அந்த வரலாறு உள்ளங்கையில் தொடங்கவில்லை. முழங்கை மடிப்பில் தொடங்குகிறது.

பழங்காலத்தில் கிரேக்க, ரோமானிய மருத்துவர்கள் பல நோய்களுக்கும் இரத்தம் வடிப்பதையே மருந்தாகக் கொண்டிருந்தனர். முழங்கை மடிப்பில் தெரியும் சிரையைக் கீறுவார்கள். அந்தச் சிரைக்குச் சற்றுக் கீழே, கைக்கு இரத்தம் கொண்டுவரும் பெரிய தமனி ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று தடுப்பாக இருக்கிறது. பிற்காலத்துப் பிரெஞ்சு நாட்டார் அந்தச் சவ்வுக்கு 'கடவுள் கருணைச் சவ்வு' என்ற பொருளில் பெயர் வைத்தனர். கத்தி சற்று ஆழமாக இறங்கினாலும் அந்தச் சவ்வு தமனியைக் காத்துவிடும் அல்லவா? ஆனால் கடவுள் கருணைக்கும் எல்லை உண்டு. கை தவறிய மருத்துவன் தமனியையே கீறிவிட்டால், காயம் மேலே ஆறிய பிறகும் உள்ளே பொய்ப் புடைப்பு வளரும். நோயைத் தீர்க்க வந்த கத்தியே நோயைத் தந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கேலன் என்னும் பெருமருத்துவர் இத்தகைய விபத்துகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஏறத்தாழ அதே காலத்தவர் அன்டில்லஸ். அவர் எழுதிய நூல் நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் ஜூலியன் பேரரசருக்கு மருத்துவராயிருந்த ஒரிபாசியஸ், பழைய நூல்களைத் தொகுத்தபோது அன்டில்லஸின் பகுதிகளையும் சேர்த்து வைத்ததால் அவை பிழைத்தன. தொகுத்து வைப்பவர்களின் தொண்டை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். தமனிப் புடைப்பு இரண்டு வகை என்று பிரித்துக் காட்டியவர் அன்டில்லஸ். தானாக விரிவது ஒன்று. காயத்தால் வருவது மற்றொன்று. அவர் சொன்ன மருத்துவம் இது: புடைப்புக்கு மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு என நூலால் தமனியைக் கட்டிவிட்டு, பிறகு புடைப்பைத் திறந்து உறைந்த இரத்தத்தை எடுத்துவிட வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் உள்ள பெரிய புடைப்புகளைத் தொடக்கூடாது என்றும் எச்சரித்தார். மயக்க மருந்து இல்லாத, இரத்தம் உடலைச் சுற்றி ஓடுகிறது என்பதே தெரியாத காலத்தில் இவ்வளவு தெளிவாக ஒருவர் எழுதினார் என்பது வியப்புக்குரியது. இரத்த ஓட்டத்தை இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி நூலாக வெளியிட்டது 1628-ஆம் ஆண்டில்தான்.

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். தமனிப் புடைப்பு பார்வைக்குச் சீழ்க்கட்டி போலத் தோன்றும். சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டால் இரத்தம் பீறிட்டு அடிக்கும். எந்தக் கட்டியையும் கீறுவதற்கு முன் விரல் வைத்துத் துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற விதி இந்த அனுபவத்தில் பிறந்ததுதான். இன்றும் அந்த விதி மாறவில்லை.

இனிப் பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வருவோம். அப்போதும் இரத்தம் வடிக்கும் வழக்கம் ஒழியவில்லை. 1759-ஆம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் ஒருவருக்கு இரத்தம் வடிக்கையில் முழங்கைத் தமனி கிழிந்துவிட்டது. அங்கே லாம்பர்ட் என்ற அறுவை மருத்துவர் ஒரு யோசனை சொன்னார். தமனியைக் கட்டி அடைத்துவிடுவதற்குப் பதிலாக, கிழிசலைத் தைத்துவிட்டால் என்ன? ஹாலோவெல் என்பவர் அதைச் செய்து பார்த்தார். கிழிசலின் இரு உதடுகளிலும் ஒரு சிறு எஃகு ஊசியைக் குத்தி, அதைச் சுற்றி எட்டு வடிவில் நூலைச் சுற்றினார். தமனி அடைபடவில்லை, மணிக்கட்டில் துடிப்பும் நின்றுவிடவில்லை. தமனியை அடைக்காமலே பழுதுபார்க்க முடியும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் பின்வந்தவர்கள் விலங்குகளில் செய்து பார்த்த சோதனைகள் தோற்றன. தைக்கும் யோசனை நூறாண்டுக்கும் மேலாகத் தூங்கிப் போயிற்று.

இதற்கிடையில் உள்ளங்கைக்கு வந்து சேர்கிறோம். 1772-இல் ரோமாபுரியின் அறுவை மருத்துவர் கார்லோ குவாட்டானி, உடலின் வெளிப்பகுதிகளில் வரும் தமனிப் புடைப்புகளைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அல்னார் தமனியில் வந்த புடைப்பு மருத்துவ நூல்களில் முதன்முதலாக இடம் பெற்றதற்குப் பிற்கால மருத்துவர்கள் இவரையே சுட்டுகிறார்கள். நோயாளி ஒரு குதிரை வண்டியோட்டி.

வண்டியோட்டி என்பதைக் கவனியுங்கள். 1785-ஆம் ஆண்டு டிசம்பரில், இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் ஜான் ஹண்டர் செய்த புகழ்பெற்ற அறுவையிலும் நோயாளி ஒரு வண்டியோட்டிதான். வயது 45. அவருக்கு முழங்காலின் பின்பக்கத்தில் புடைப்பு. உயரமான காலணியின் விளிம்பு முழங்காலின் பின்புறம் ஓயாமல் உரசுவதால் வண்டியோட்டிகளுக்கு இது வருகிறது என்று சிலர் கருதினர். ஹண்டர் புடைப்பைத் தொடவே இல்லை. அதற்கு வெகு மேலே, நல்ல நிலையில் இருந்த தொடைத் தமனியைக் கட்டிவிட்டார். சிறு கிளைக் குழாய்கள் விரிந்து கீழ்க்காலுக்கு இரத்தம் கொடுத்தன, புடைப்பு சுருங்கியது. காலை வெட்டி எறிவதே வழக்கமாக இருந்த காலத்தில் அந்த மனிதர் ஆறு வாரத்தில் நடந்தே வீட்டுக்குப் போனார். மறுபடியும் வண்டி ஓட்டினார்.

ஹண்டர் முறை உலகெங்கும் பரவியது. ஆனால் கைக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. காரணம் நாம் தொடக்கத்தில் பார்த்த வளைவுகள்தாம். அல்னார் தமனியை மணிக்கட்டில் கட்டினாலும், ரேடியல் தமனியிலிருந்து வளைவு வழியாக இரத்தம் திரும்பி வந்து உள்ளங்கைப் புடைப்பை நிரப்பிவிடும். வாய்க்காலின் ஒரு முனையை அடைத்தால் மறுமுனையிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. ஆகவே கையில் இரண்டு பக்கமும் கட்டவேண்டும். அன்டில்லஸ் சொன்ன பழைய விதியே இங்கே சரியாயிற்று.

ஒரு பக்கம் கட்டினால் போதாது என்பதற்கு மேல்கையிலிருந்தும் சான்று உண்டு. 1888-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு தோட்டத் தொழிலாளி, கறுப்பின இளைஞர், சேரிட்டி மருத்துவமனைக்கு வந்தார். துப்பாக்கி ரவை பாய்ந்த கையில் பெரிய துடிக்கும் புடைப்பு. ருடால்ஃப் மேட்டாஸ் என்ற இளம் மருத்துவர் முதலில் தமனியை மேலே கட்டினார். சில நாளில் துடிப்புத் திரும்பிவிட்டது. பிறகு கீழேயும் கட்டினார், அப்போதும் அடங்கவில்லை. பக்கக் கிளைகள் புடைப்பின் உள்ளேயே வந்து திறந்திருந்தன. அவற்றைத் தேடிப் புடைப்பு முழுவதையும் வெட்டி எடுத்திருந்தால் கைக்கு உயிரூட்டும் மற்றக் குழாய்களும் நரம்புகளும் அறுந்து போயிருக்கும். மேட்டாஸ் புடைப்பைத் திறந்தார். உள்ளே தெரிந்த ஒவ்வொரு வாயையும் உட்பக்கமிருந்தே ஊசி நூலால் தைத்து மூடினார். கை பிழைத்தது. இதை அவர் அதே ஆண்டு எழுதி வெளியிட்டார். ஆயினும் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே இம்முறையை மறுபடி கையாண்டார். பெரியவர்கள் ஹண்டர் முறையையே வேதமாகக் கொண்டிருந்த காலத்தில், ஒரு தோட்டத் தொழிலாளியின் கை புதிய வழியைத் திறந்து வைத்தது என்பதைத் தோட்டப் பள்ளியில் வேலை செய்யும் நான் சற்றுப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

அடுத்து, உள்ளே இருப்பதைக் கண்ணால் காணும் காலம் வந்தது. 1895-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் ரோன்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அவர் எடுத்த புகழ்பெற்ற படம் அவருடைய மனைவியின் கை. எலும்பும் மோதிரமும் தெரிந்தன. இரத்தக் குழாய்கள் தெரியவில்லை. சில வாரங்களே ஆகியிருந்தன. 1896 ஜனவரியில் வியன்னா நகரில் ஹாஷெக், லிண்டென்டால் என்ற இருவர், வெட்டி எடுக்கப்பட்ட ஒரு கையின் தமனிகளில் சுண்ணாம்பும் சிங்குலிகமும் எண்ணெயும் கலந்த குழம்பைச் செலுத்திப் படம் எடுத்தனர். படம் பதிய 57 நிமிடங்கள் பிடித்தன. உள்ளங்கை வளைவும் விரல்களுக்குச் செல்லும் கிளைகளும் மரத்தின் வேர்போல அதில் விரிந்தன. உலகில் இரத்தக் குழாய்களை எக்ஸ்ரேயில் காட்டிய முதற்படம் மனிதக் கையின் படம்தான். அந்தக் குழம்பை உயிருள்ளவர் உடலில் செலுத்த முடியாது. உயிருக்குக் கேடில்லாத மருந்துகளுக்கு மேலும் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1920-களில் அவை வந்தன. இந்தப் படத்துக்கு ஆஞ்சியோகிராம் என்று பெயர். இன்று இதய நோயாளிகளின் புண்ணியத்தால் இச்சொல் நம் வீடுகளிலெல்லாம் புழங்குகிறது.

படம் எடுக்கும் வசதி எல்லா ஊரிலும் கிடைத்துவிடாது. காசு செலவில்லாத சோதனை ஒன்று 1929-இல் வந்தது. அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த எட்கர் ஆலன் என்பவர், புகைபிடிப்பவர்களின் குழாய்கள் அடைபடும் நோயை ஆராய்ந்தபோது அதைச் சொன்னார். பின்னர் 1950-களில் சற்று மாற்றப்பட்டு இன்று வழங்குவது இம்முறை. நேயர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கையை இறுக முட்டியாக மூடுங்கள். மற்றொருவர் உங்கள் மணிக்கட்டின் இரு தமனிகளையும் தம் கட்டைவிரல்களால் அழுத்திப் பிடிக்கட்டும். சில விநாடி கழித்துக் கையைத் தளர்த்தித் திறந்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். இப்போது சுண்டுவிரல் பக்க அழுத்தத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சில விநாடிகளில் கை முழுவதும் சிவந்தால் அல்னார் தமனி திறந்திருக்கிறது, வளைவும் இணைந்திருக்கிறது என்று பொருள். வெளுப்பு நீங்காமல் நின்றால் எங்கோ அடைப்பு இருக்கிறது, அல்லது வளைவு இணையாத கை அது. நினைவில் வைக்கச் சொன்ன வேறுபாடு இங்கேதான் வருகிறது. இச்சோதனை ஒன்றை மட்டும் கொண்டு முடிவு கட்ட முடியாது என்பதால் மருத்துவர்கள் இதோடு நிறுத்துவதில்லை. ஆயினும் எந்தக் கையை மேலும் சோதிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் முதல் ஆசிரியர் இதுவே.

இப்போது மறுபடியும் அந்த வண்டியோட்டியின் கைக்கு வருவோம். அவருக்கு அங்கே ஏன் புடைத்தது?

1700-ஆம் ஆண்டில் இத்தாலியின் மோடெனா நகரில் ரமாத்சினி என்ற மருத்துவர், தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு இன்னும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர்: நீ என்ன வேலை செய்கிறாய்? எளிய கேள்வி. ஆனால் உள்ளங்கைப் புடைப்பின் வரலாற்றில் அக்கேள்வி மெல்ல மெல்லத்தான் ஒலித்தது. 1933-இல் மிடில்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே உள்ளங்கைத் தமனிப் புடைப்பைத் 'தொழில் சார்ந்தது' என்று குறித்தார். அடுத்த ஆண்டில் சுவீடனின் வான் ரோசன், ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் அல்னார் தமனி மொட்டையான அடியால் உறைந்து அடைபட்டதை விவரித்தார். 1944-இல் மேயோ மருத்துவமனையிலிருந்து இதே போன்ற நோயாளிகளைப் பற்றி மற்றொரு கட்டுரை வந்தது. கடைசியாக 1970-இல் சிகாகோவின் கான், பெர்கன், பெல் என்ற மூவரும் இதற்கு ஒரு பெயர் சூட்டினர். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க மேட்டைச் சம்மட்டியாகப் பயன்படுத்துவதால் வரும் நோய் என்பது அப்பெயரின் கருத்து. 'ஹைப்போதீனார் ஹேமர்' நோய் என்று மருத்துவர்கள் இன்றும் வழங்குவது அதைத்தான்.

பெயருக்கு ஏற்ற உடற்கூற்றைப் பாருங்கள். மணிக்கட்டுக்குச் சற்று முன்னே, சுண்டுவிரல் பக்கத்தில், கொக்கிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு எலும்பு ஒன்று உண்டு. அதை ஒட்டிய ஒரு குறுகிய வழியாக அல்னார் தமனி உள்ளங்கைக்குள் வருகிறது. அவ்வழியை 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் கியோன் விவரித்ததால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. வழியைக் கடந்ததும் சுமார் 2 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தமனிக்கு மேலே தோலும் சிறிது கொழுப்பும் மெல்லிய தசையும் தவிர வேறு பாதுகாப்பே கிடையாது. கீழே கொக்கி எலும்பு. மேலிருந்து அடி விழுந்தால், பட்டடைக்கும் சம்மட்டிக்கும் நடுவே அகப்பட்ட இரும்புபோல் தமனி நசுங்குகிறது. ஒரு நாள் அடியால் ஒன்றும் ஆகாது. பல ஆண்டு அடியால் உட்சுவர் சேதமாகி அடைபடும். நடுச்சுவர் சேதமானால் புடைக்கும்.

லோரிப் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். இறுகிய ஆணியைத் திருப்ப ஸ்பேனரைக் கை மேட்டால் ஓங்கித் தட்டுவார்கள். டின் மூடியை அதே மேட்டால் அடித்து மூடுவார்கள். தச்சர் பலகையைப் பொருத்துவதற்கு உள்ளங்கையால் தட்டுவார். சுத்தியல் பக்கத்திலேயே இருக்கும். எட்டி எடுக்கச் சோம்பல்! 1972-இல் ஆஸ்திரேலியாவில் லிட்டில், ஃபெர்குசன் என்ற இருவர், வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களைச் சோதித்தனர். கையைச் சம்மட்டியாகப் பயன்படுத்தும் வழக்கமுடைய 79 பேரில் 11 பேருக்கு அல்னார் தமனி அடைபட்டிருந்தது. கைப்பந்து ஆடுவோர், கராத்தே பயில்வோர் ஆகியோருக்கும் இந்நோய் வந்ததைப் பின்னாளில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கையால் தட்டுகிறவர் எல்லாருக்கும் வருவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் ஓரிகன் மாநில மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் 21 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, தமனிச் சுவரில் முன்பே ஒரு கோளாறு இருப்பவர்களுக்கே அடி இந்நோயை வரவழைக்கிறது என்று வாதிட்டனர். இந்த விவாதம் வெறும் ஏட்டு விவாதமன்று. வேலையால் வந்ததா, உடம்போடு வந்ததா என்பதைப் பொறுத்துத்தானே நட்டஈடு? பிரான்சு இந்நோயைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஜெர்மனி 2015-ஆம் ஆண்டில் சேர்த்தது. உடம்பில் குறை இருந்தாலும் அடி விழாவிட்டால் அது தூங்கிக்கொண்டே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இந்நோயை வேறொன்றாக நினைத்து ஏமாறுவதும் உண்டு. 1862-இல் பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரெய்னோ, குளிர்பட்டால் விரல்கள் வெளுத்து நீலம் பாய்ந்து சிவக்கும் நிலையை விவரித்தார். அது பெரும்பாலும் பெண்களுக்கு வருவது. இரண்டு கைகளிலும் வருவது. தமனிப் புடைப்பால் வரும் வெளுப்போ பெரும்பாலும் ஒரே கையில், அதுவும் அதிகமாக உழைக்கும் கையில் வரும். மோதிர விரலும் சுண்டுவிரலும் அதிகம் பாதிக்கப்படும். கட்டைவிரல் பொதுவாகத் தப்பிவிடும். நடுத்தர வயது ஆணின் வலக்கையில் மட்டும் இரண்டு விரல் சில்லிட்டிருந்தால், குளிரைக் குற்றம் சொல்லாமல் அவன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்க வேண்டும். இக்காலத்தில் ஒலி அலைகளால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் கருவி ஊசி கூடக் குத்தாமல் புடைப்பைக் காட்டிவிடுகிறது. அறுவைக்கு முன் ஆஞ்சியோகிராம் எடுத்தால், நோயுற்ற தமனி தக்கை திருகியைப்போல் நெளிந்து சுருண்டு தெரியும்.

மருத்துவத்துக்கு வருவோம். 1894-இல் பிரான்சின் குடியரசுத் தலைவர் கார்னோ, லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு, வயிற்றினுள் ஒரு பெரிய இரத்தக் குழாய் அறுந்து இறந்தார். தைக்கத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்ற எண்ணம் அவ்வூரில் மருத்துவம் பயின்ற அலெக்சிஸ் காரல் என்ற இளைஞரை விடவில்லை. பூத்தையல் வேலை செய்யும் ஓர் அம்மையாரிடம் நுண்ணிய ஊசியும் பட்டு நூலும் பிடிக்கக் கற்றுக்கொண்டார். வட்டமான குழாயின் விளிம்பில் மூன்று இடங்களில் நூல் கட்டி இழுத்தால் அது முக்கோணமாகிவிடும். நேர்க்கோட்டில் தைப்பது எளிது. இதை அவர் 1902-இல் வெளியிட்டார். 1912-இல் நோபல் பரிசு பெற்றார். நியூகாசலில் தூங்கிப்போன யோசனை இப்படிக் கண் விழித்தது. ஆயினும் கையிலுள்ள தமனிகள் சில மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. வெறுங்கண்ணால் தைத்தால் பெரும்பாலும் அடைபட்டுவிடும். 1960-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஜேக்கப்சன், சுவாரெஸ் என்ற இருவர் உருப்பெருக்கியின் கீழ் 1.4 மில்லிமீட்டர் குழாய்களைத் தைத்துக் காட்டிய பிறகே கைக்கு அந்தக் காலம் பிறந்தது.

இன்று மருத்துவர் முதலில் பார்ப்பது இதுதான்: புடைத்த பகுதியை எடுத்துவிட்டால் மற்றத் தமனி மட்டும் கைக்குப் போதுமா? போதுமென்றால் இரு முனைகளையும் கட்டிப் புடைப்பை வெட்டி எடுத்துவிடலாம். போதாதென்றால் முன்கையிலிருந்தோ காலிலிருந்தோ ஒரு சிரைத் துண்டை எடுத்து நடுவே வைத்துத் தைப்பார்கள். புடைப்பில்லாமல் அடைப்பு மட்டும் இருப்பவர்களில் பலருக்கு அறுவையே வேண்டியதில்லை. கையால் தட்டும் வேலையை விடுவது, புகைப்பதை நிறுத்துவது, குழாய்களைத் தளர்த்தவும் இரத்தம் உறையாமலிருக்கவும் மருந்து சாப்பிடுவது ஆகியவற்றாலேயே விரல்கள் தேறிவிடும்.

பொய்ப் புடைப்பும் மறைந்துவிடவில்லை. 1989-இல் கனடாவின் காம்போ என்ற மருத்துவர், இதயக் குழாய்களைப் படம் எடுக்க மணிக்கட்டின் ரேடியல் தமனி வழியாகவே மெல்லிய குழாயைச் செலுத்தலாம் என்று காட்டினார். 1992-இல் நெதர்லாந்தின் கீமெனெய், அதே வழியாக அடைப்பை விரிக்கும் சிகிச்சையையும் செய்தார். உலகெங்கும் இப்போது தொடையை விட மணிக்கட்டையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். மிக அரிதாக, துளைத்த இடத்தில் பொய்ப் புடைப்பு வருகிறது. அன்று இரத்தம் வடித்த கத்தி முழங்கையில் செய்த வேலையை இன்று ஊசி மணிக்கட்டில் செய்கிறது. அது வராமலிருக்க, குழாயை உருவியதும் மணிக்கட்டில் காற்றடைத்த ஒரு பட்டையைக் கட்டிச் சில மணி நேரம் அழுத்தி வைக்கிறார்கள். அப்படியும் வந்துவிட்டால், டாப்ளர் கருவியில் பார்த்துக்கொண்டே அந்த இடத்தை அழுத்துவார்கள், அல்லது இரத்தத்தை உறைய வைக்கும் திராம்பின் மருந்தை ஊசியால் புடைப்புக்குள் செலுத்துவார்கள். அதற்கும் அடங்காத சிலருக்கே அறுவை தேவைப்படுகிறது.